மண்ணிறக் கோட்டும் வெள்ளை ஏப்ரனும்

ரொறன்ரோ நகரத்து வோபர்னில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரு கோட் இருந்தது. மண்ணிறம். கழுத்தைச் சுற்றி மென்மயிர் வைத்துத் தைத்தது. ஐந்தாம் மாடி அன்ரி பழைய உடுப்புக் கடை ஒன்றில் வாங்கியது. வாங்கியவர் அவர் என்றாலும், கட்டடத்தில் இருந்த தமிழர் எல்லோரும் அதைப் போட்டிருக்கிறோம். குளிருக்கு அல்ல, படம் எடுக்க. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் எறித்தால் யாராவது அன்ரியின் கதவைத் தட்டுவார்கள். கோட்டை வாங்கிக்கொண்டு கீழே கார் தரிப்பிடத்துக்குப் போய், அங்கே நின்ற சிவப்புக் காரில் ஒரு கையை ஊன்றி நின்று ஒரு படம். அந்தக் கார் யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் அதன் சொந்தக்காரர் சாவியோடு வந்துவிட்டார். அவர் தள்ளி நின்று, படம் எடுத்து முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு காரை எடுத்துக்கொண்டு போனார்.

படங்கள் கழுவி வந்ததும் என்னிடம் வரும். பின்பக்கத்தில் திகதியும் இடமும் எழுதுவது என் வேலை. யாரும் தந்த வேலை அல்ல, நானாக எடுத்துக்கொண்டது. கொழும்பில் எங்கள் வீடு எரிந்தபோது குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டன. படங்கள் என் நினைவில் இருந்தன. எது எந்த வருடத்தில் எடுத்தது என்பதுதான் குழம்பிப்போயிருந்தது. வீட்டாரைக் கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். 1983 கடைசியில் ரொறன்ரோவில் வந்து இறங்கியதிலிருந்து, திகதி போடாத ஒரு கடதாசித் துண்டுகூட என் கையை விட்டுப் போனதில்லை. கட்டடத்தில் எனக்குக் ‘கலண்டர்’ என்று பட்டம். கேலிதான். ஆனால் படம் கழுவி வந்தால் கலண்டரைத்தான் தேடுவார்கள்.

ஒருமுறை அன்ரிக்கு அவருடைய அம்மா ஊரிலிருந்து எழுதியிருந்தார். கோயிலில் மூன்று வீட்டுக்காரர் தங்கள் பிள்ளைகளின் கனடாப் படங்களைக் காட்டினார்களாம். மூன்றிலும் ஒரே கோட். “அங்கையும் உடுப்பு அரிசி மாதிரிக் கூப்பனுக்கோ குடுக்கிறாங்கள்?” என்று கேட்டிருந்தார். அன்ரி அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த ஞாயிறும் கோட்டை இரவல் கொடுத்தார்.

படத்தில் கோட் இருந்ததுபோலக் கடிதங்களில் உத்தியோகம் இருந்தது. என் கணவர் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்கினார். ஊருக்கு எழுதும்போது ‘கொம்பனியில் கணக்குப் பகுதி’. நான் மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்தேன். ஊருக்கு ‘ஹோட்டல் ஒஃபிஸ்’. வேலைக்குச் சாம்பல் நிறச் சட்டை, மேலே வெள்ளை ஏப்ரன். கொழும்பில் ஒரு திணைக்கள நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். அந்த வேலையைச் சொல்ல எனக்கு வெட்கம் இருந்ததில்லை. இதைச் சொல்லவும் இல்லை. வெட்கப்பட்டவர் என் கணவர். அதற்கு அவரிடம் ஒரு காரணமும் இருந்தது. ஊரில் அவருடைய தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“அண்ணி கக்கூஸ் கழுவுறா எண்டு கேள்விப்பட்டால் ஆர் வருவான்?” என்பார்.

இதுதான் நிலைமை, தொலைக்காட்சி வழியாக அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது.

1984 மாசியில் ஒரு ஞாயிறு பிற்பகல். தமிழ்ப் படம் பார்க்க வீடியோ டெக் வாடகைக்கு எடுத்திருந்தோம். கசெற் சிக்கிக்கொண்டது. என் கணவர் அதை மாற்றிக்கொண்டு வரக் கடைக்குப் போன இடைவெளியில் நான் தொலைக்காட்சியைத் திருப்பினேன். எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து வரும் ஒரு அலைவரிசையில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீடு, சாய்கதிரையில் வெள்ளைக்கார எசமானி. கதவைத் திறந்துகொண்டு ஒரு கறுப்பினப் பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். வெள்ளை ஏப்ரன். தட்டை வைத்தாள், ஒரு வசனம் சொன்னாள், திரும்பினாள். திரும்பும்போது கோப்பையின் பிடியை ஒற்றை விரலால் எசமானியின் கைப்பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.

எனக்கு அந்த விரலைத் தெரியும். அறையை விட்டு வெளியே வருமுன் மேசை விளக்கையோ துவாயையோ கடைசியாக ஒருமுறை நேராக்கிவிட்டு வரும் விரல் அது. யாருக்கும் தெரியப்போவதில்லை, இருந்தாலும் செய்வோம். எசமானி அதன்பிறகு நெடுநேரம் அழுதாள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

என் கணவர் புதுக் கசெற்றோடு வந்தார். “தள்ளுமப்பா, படத்தைப் போடுவம்.”

“பொறுங்கோ, பேர் போகுது.”

“ஆற்ற பேர்?”

“அந்தத் தட்டுக் கொண்டு வந்தவ.”

“அவவுக்கு என்னத்துக்குப் பேர்?”

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தன. அவளுடையது வரவில்லை. எனக்கு ஏறிய கோபத்தில் அன்று நாங்கள் வாடகைக்கு எடுத்த படம் என்ன என்பதுகூட நினைவில் இல்லை. என் நினைவில் திகதி இருந்தும் பெயர் இல்லாமல் போன ஒரே படம் அது.

அடுத்த விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போனேன். சினிமா வரலாறு என்று இருந்த தட்டு முழுவதையும் ஒரு பக்கத்திலிருந்து இழுக்கத் தொடங்கினேன். கோடை வந்து போயிற்று. முகத்தை வைத்து அவளைக் கண்டுபிடித்தேன். பெரிய புத்தகம் ஒன்றில் மூன்று வரி. இன்னொன்றில் ஒரு படத்தின் ஓரத்தில் பாதி முகம். பிறந்த வருடம் இரண்டு புத்தகத்தில் இரண்டு விதம். பேசாப்படக் காலத்தில் கறுப்பின மக்கள் தாங்களே எடுத்து, தங்கள் கொட்டகைகளில் காட்டிய படங்களில் அவள் கதாநாயகி. குதிரை ஏறியிருக்கிறாள், துப்பாக்கி பிடித்திருக்கிறாள், காதலித்திருக்கிறாள். பிறகு பேசும் படம் வந்தது, பெரிய ஸ்ரூடியோக்கள் வந்தன, ஏப்ரன் வந்தது. அதன்பிறகு படத்துக்குப் படம் ஏப்ரன்தான். ஒரு குறிப்பிட்ட வருடத்தோடு அவளைப் பற்றிய எழுத்து நின்றுவிடுகிறது. இறந்ததாகவும் இல்லை, இருந்ததாகவும் இல்லை.

அவளுடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த நினைவுகளில் எவருடைய பெயரையும் நான் சொல்லவில்லை. அவளைப் பற்றிப் பிறகு நான் எழுதிய தொடர் நாவலில் அவளுக்கு வேறு பெயர் வைத்தேன், ஏனென்றால் அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடி, மீதியை நான்தான் இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். பதிவில் உள்ள எதையும் மாற்றுவதில்லை. பதிவில் இல்லாததை எழுதினால் பக்கத்தின் அடியில் அப்படியே சொல்லிவிடுவது. தொடர்கதைக்கு அடிக்குறிப்பு எழுதிய பைத்தியம் அந்தக் காலத்து ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

எங்களுக்கு ஒரு மாத இதழ் இருந்தது. இதழ் என்று பெரிதாகச் சொல்கிறேன், கையால் எழுதி, கொப்பி மெசினில் பிரதி எடுத்து, நடுவில் கம்பி அடித்தது. பொங்கல் மலர் மட்டும் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சாகும். தமிழ் எழுத்துக் கோக்க வசதி இல்லை என்பதால் அதையும் கையாலேயே எழுதிக் கொடுப்போம். ஆசிரியர், ஊரில் தபால் அதிபராக இருந்த ஒரு அண்ணை. எழுதியது நான். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை என் கைதான். பக்கத்தைப் பிரிப்பது, கோடு போடுவது, படம் ஒட்டுவது எல்லாம் எங்கள் குசினி மேசையில் நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

1985 வைகாசியில் கதையைக் கொண்டுபோய் அண்ணையிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு பக்கம் வாசித்தார்.

“தங்கச்சி, எங்கட சனம் எரிஞ்சுகொண்டிருக்குது. நீர் ஒரு கறுவல் நடிகையின்ர கதை எழுதப்போறீரோ?”

“ஓம் அண்ணை.”

“எங்களுக்கும் அவைக்கும் என்ன?”

“போன கிழமை பஸ்ஸிலை உங்களை என்னெண்டு கூப்பிட்டவங்கள் அண்ணை?”

‘பாக்கி’ என்று கூப்பிட்டிருந்தார்கள், பாகிஸ்தானி என்பதைச் சுருக்கி எங்கள் நிறத்தவர் எல்லோருக்கும் வைத்த வசை. அவரேதான் எங்களுக்குச் சொல்லிக் கொதித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது வேறை.”

“என்ன வேறை?”

“சரி, சரி. எழுதும். ஆனா ஒண்டு. முதல் அத்தியாயத்திலேயே தட்டும் கையுமாய் நிக்கப்படாது. ஒரு டான்ஸ், ஒரு பாட்டு, அப்பிடித் துவங்கும். எங்கட பெம்பிளையள் வேலைக்காரியின்ர கதையோ வாசிக்கிறது?”

“தட்டோடதான் துவங்கும் அண்ணை.”

“பிடிவாதக்காரி.”

“எழுத்துக்காரி.”

கறுவல் என்ற சொல்லை எங்களவர்கள் யோசிக்காமல் பாவித்தார்கள். கதையில் ஓரிடத்திலும் நான் அதை எழுதவில்லை. இங்கே எழுதுவது அவர் சொன்னது அதுதான் என்பதால்.

ஆனி இதழில் கதை தொடங்கியது. தட்டோடு.

வேலையில் என்னோடு ஒரே தளத்தில் அறை பார்த்தவர் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட மூத்தவர், உரத்த குரல், உரத்த சிரிப்பு. மதியம் சலவை அறையில் பால் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்து சாப்பிடுவோம். என்ன எப்பவும் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே தருகிறேன், அதுதான் அவருடைய குரலுக்குக் கிட்ட வருகிறது.

“அவளையோ? நான் சின்னனிலை எங்கட கிங்ஸ்ரனிலை பாத்தனான். அவள் தட்டோட வாசல்லை வந்து நிண்ட உடனை கொட்டகை முழுக்க எழும்பி விசில். அந்த வெள்ளைக்காரி என்ன கதைச்சவள் எண்டு ஒருத்தருக்கும் கேக்கேல்லை.”

“எந்த வருசம்?”

“மஞ்சள் சட்டை போட்டிருந்தன்.”

“வருசத்தைச் சொல்லுங்கோ.”

“மஞ்சள் சட்டை வருசம். எழுதிக்கொள்.” கொஞ்சம் மென்றுவிட்டுக் கேட்டார்: “உன்ர கதையிலை அவள் எங்கையாவது இருக்கிறாளோ?”

“விளங்கேல்லை.”

“கதிரையிலை. காலை நீட்டி. நீ சொல்லுறதைப் பாத்தால் விடிய நிண்டவள் பொழுதுபடவும் நிக்கிறாள். கால் நோகாதோ? என்ன, சிலையோ அவள்?”

நாங்கள் இரண்டு பேரும் அப்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் இருந்தோம். என் கால் எனக்கு நோகிறது, அவள் காலை நான் மறந்துபோயிருக்கிறேன். மரியாதை என்று நினைத்து அவளை ஒரு பீடத்தில் ஏற்றி நிறுத்தியிருந்தேன். அடுத்த அத்தியாயத்தில் அவளை இருத்தினேன். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, தன்னை எடுத்த இயக்குநரைத் தன் அக்காவிடம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். அதற்கடுத்த அத்தியாயத்தில் கிங்ஸ்ரன் கொட்டகை. அடிக்குறிப்பு: ‘ஆண்டு தெரியவில்லை. நேரில் பார்த்தவர் மஞ்சள் சட்டை அணிந்திருந்தார்.’

விசிலடிக்கும் கொட்டகையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த அத்தியாயத்தோடு கதை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் மாடி அன்ரி மாதம் பிறந்ததும் லிஃப்றுக்குள் வைத்தே கேட்பார்: “பிள்ளை, அவளுக்கு இந்த மாசம் வசனம் இருக்கோ?” இதழ் வாங்கியவர்கள் வாசித்து முடித்து ஊருக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஊரில் என் மாமிக்கு, கணவரின் அம்மாவுக்கு, கண் சரியில்லை. மச்சாள், கல்யாணம் பேசிக்கொண்டிருந்த அதே தங்கை, உரத்து வாசிக்க, அக்கம்பக்கமும் வந்து இருந்து கேட்டதாம். என் கதை என்பதில் என் கணவருக்குப் பெருமைதான். பெருமை ஒரு பக்கம், ‘ஹோட்டல் ஒஃபிஸ்’ ஒரு பக்கம். இரண்டும் ஒரே உறைக்குள் போயின.

1986 தைப்பொங்கல் மலருக்கு எழுத்தாளர்களின் படம் போடுவதென்று அண்ணை முடிவு செய்தார். மார்கழியில் ஒரு ஞாயிறு. என் கணவர் கையில் மண்ணிறக் கோட்டோடு வந்து நின்றார்.

“வெயில் போக முதல் கீழ வாரும்.”

“உந்தக் கோட் எனக்கு வேண்டாம்.”

“நீர் எழுதுற நடிகை படத்திலைதானே வேலைக்காரி? வெளியிலை மகாராணி மாதிரி உடுத்தினவள் எண்டு நீர்தானே எழுதினனீர்?”

“ஓம்.”

“பின்னை? நீரும் உடுத்துமன்.”

நல்ல கேள்வி. என் கதையை ஒழுங்காக வாசித்த ஒருவர்தான் கேட்கக்கூடியது.

“அவள் வேலைக்காரி இல்லை, அவளை வேலைக்காரி ஆக்கிப் படம் எடுத்தாங்கள். நான் வேலைக்காரிதான், என்னை வேறை ஆரோ ஆக்கிப் படம் எடுக்கிறம். அவளுக்கு அந்த ஏப்ரனைக் கட்டிவிட்டது ஸ்ரூடியோக்காரன். எனக்கு உந்தக் கோட்டைப் போட்டுவிடுறது ஆர்? நாங்கள்தானே?”

“தங்கச்சிக்காகச் சொல்லுறன்.”

மச்சாளை நான் அறிவேன். கெட்டிக்காரப் பிள்ளை. என் படத்தால் அவளுக்கு ஒரு கல்யாணம் தவறினால் அந்தப் பழி என்னுடையது, அதை யாரும் மறக்கப்போவதும் இல்லை. கோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்துணியில் எத்தனை பேருடைய பவுடர். இந்தக் கோட்டைப் போட்டுக் கல்யாணம் நடந்தால் அந்தப் பிள்ளையும் வாழ்நாள் முழுக்க இதைப் போட்டுக்கொண்டு திரிய வேண்டும், என் வேலை என்ன என்று யாராவது கேட்கும் ஒவ்வொரு முறையும். கோட்டை மடித்து அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கமராவை வேலைக்குக் கொண்டுபோனேன். சாம்பல் சட்டையை முதல்நாளே அழுத்தி வைத்திருந்தேன். ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் நேராக்கிவிட்டது ஜமைக்காக்காரத் தோழிதான். படம் எடுத்தவரும் அவரே.

“சிரியாதை,” என்றார். “சிரிச்சால் ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்கும்.”

நான் சிரிக்கவில்லை. சலவை அறைக் கதவுக்கு முன்னால், கையைக் கட்டாமல், கமராவை நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்நாளில் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது அது.

அண்ணைக்குப் பிடிக்கவில்லை. “இதென்ன கோலம் தங்கச்சி? உதைப் போடேலாது.”

“ஏன்?”

“உம்மட அவர் சம்மதிச்சவரோ?”

“படம் என்ர.”

“மலர் ஊருக்குப் போறது. சனம் என்ன சொல்லும்?”

“சனத்திலை பாதி நாளைக்குக் காலமை உப்பிடித்தானே உடுத்திக்கொண்டு பஸ் எடுக்குது.”

மலரில் பாதிதான் எழுதி முடிந்திருந்தது. வாழ்த்துச் செய்தி நடுவில் நின்றது. நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன். அண்ணை பேனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்ன, வெருட்டுறீரோ?”

“ஓம் அண்ணை.”

படம் வந்தது. அதன் கீழே என் கையாலேயே எழுதினேன்: ‘இத்தொடரை எழுதுபவர், ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்கிறார்.’

பங்குனியில் அன்ரி ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய அம்மா எழுதியிருந்தார். மலர் கிடைத்ததாம், எல்லாம் நல்லதாம். “ஆனா பிள்ளை, நடுவிலை ஒரு பக்கத்திலை யன்னல் ஒண்டு வெட்டிக் கிடக்கு. அதாலை அடுத்த பக்கத்துக் கவிதை எட்டிப் பாக்குது. உது என்ன புது நாகரிகம்?”

அன்ரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நான்தான் வெட்டினனான் பிள்ளை. கோவியாதை. நீ என்ர கட்டடத்திலை இருக்கிறாய் எண்டு அம்மாவுக்குத் தெரியும். உன்னைப் பாத்தால் அடுத்த கேள்வி என்னைப் பற்றித்தானே?” அன்ரி ஒரு டோநட் கடையில் மாவு பிசைந்தார். ஊருக்கு அவர் ‘பேக்கரி முகாமையாளர்’.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். அன்ரி மட்டும் அல்ல. எங்கள் கட்டடத்திலிருந்து ஊருக்குப் போன மலர்கள் அநேகமாக யன்னலோடுதான் போயிருந்தன. தங்கள் படத்தை அல்ல, என் படத்தை வெட்டியிருக்கிறார்கள். படத்தின் பின்பக்கம் ஒரு மளிகைக் கடை விளம்பரம். வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை.

மாமிக்குப் போனதிலும் யன்னல் இருந்ததா என்று என் கணவரைக் கேட்டேன். அவர் பேர்ஸை எடுத்து விரித்தார். உள்ளே என் படம், ஏப்ரனோடு, ஓரம் கோணலாக வெட்டியபடி.

“எறிய மனம் வரேல்லை,” என்றார்.

அதற்குப் பிறகு கோபிப்பது கடினமாக இருந்தது. இருந்தாலும் கோபித்தேன். என்னைப் பேர்ஸுக்குள் வைத்துக்கொள்ளலாம், உறைக்குள் வைக்கக்கூடாது என்றால் அது என்ன கணக்கு? அவளுடைய பெயரை வெட்டியவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள். அவளைப் பிடிக்காமல் அல்ல. பிடிக்கும். பார்க்கவும் வேண்டும். பெயர் போடத்தான் முடியாது.

அந்த வருடம் முழுவதும் கதையைக் கொண்டுபோய் 1987 பொங்கல் மலரில் முடிப்பதாக இருந்தது. முடிவுக்கு அண்ணையிடம் யோசனைகள் இருந்தன. ஒன்றில் அவள் பெரிய பரிசு ஒன்று வாங்க வேண்டும், அல்லது சாக வேண்டும்.

“சனம் அழவேணும் தங்கச்சி.”

“அவள் எப்ப செத்தவள் எண்டு எனக்குத் தெரியாது அண்ணை. தெரியாத ஒராளை நான் என்னெண்டு சாக்காட்டுறது?”

“கதைதானே?”

“கதைதான். அதுதான் உயிரோட விடுறன்.”

“ஏப்ரனையாவது கிழிச்செறியட்டும்.”

அதையும் நான் கேட்கவில்லை. என் முடிவில் அவள் ஏப்ரனைக் கழற்றி, மடித்து, கதிரையில் வைக்கிறாள். நன்றாகத் தைத்த ஏப்ரன், அதன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவள் கோபம் எல்லாம் அதைத் தவிர வேறொன்றும் தராதவர்கள்மேல். பிறகு தன் சொந்தச் சட்டையில், ஸ்ரூடியோவில் கறுப்பு நடிகர்களுக்கென்று விட்ட பின்வாசலால் போகாமல் முன்வாசலுக்கு நடக்கிறாள்.

மலரின் பக்கங்களைக் குசினி மேசையில் பிரித்தபோது, என் பழைய படத்தையே திரும்பவும் எடுத்தேன். அதே சலவை அறை, அதே ஏப்ரன், அதே வரி. இந்த முறை அதைக் கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினேன். அந்தத் தாளின் மறுபக்கத்தில், படத்துக்கு நேர் பின்னால், கதையின் கடைசிப் பந்தி விழும்படி வரிகளை நெருக்கியும் விட்டும் எழுதினேன். அச்சுக்குப் பக்கத்துக்கொன்றாக எழுதிய இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக யன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். படத்தின் நாலு ஓரத்துக்குள் பந்தி அச்சொட்டாக அடங்கியிருந்தது. என்னை வெட்டினால் முடிவு போகும்.

அண்ணை கண்டுபிடித்துவிட்டார். தபால் அதிபர், தாளின் இரண்டு பக்கமும் பார்த்துப் பழகியவர். இருந்தும் அச்சகத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

மலர் வந்த ஞாயிறு காலை ஐந்தாம் மாடியிலிருந்து அன்ரியின் குரல் படிக்கட்டால் இறங்கி வந்தது: “எடியே கலண்டர்! நீ மனிசியோ, பேயோ?” கையில் கத்தரிக்கோல்.

“என்ன அன்ரி?”

“அம்மா ஒரு வருசமாய் முடிவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறா. நான் இப்ப என்ன செய்யிறது?”

“அனுப்புங்கோ.”

“அனுப்புறதோ? பிறகு கேள்வி வரும்.”

“வந்தால் பதில் எழுதுங்கோ.”

அவர் என்னை முறைத்துவிட்டுப் படியேறினார்.

எங்கள் மேசையிலும் கத்தரிக்கோல் இருந்தது. மாமிக்கு அனுப்பும் மலரை என் கணவர் விரித்து வைத்திருந்தார். தாளைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கடைசிப் பந்தியைப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

“என்ன செய்யிறியள்?”

“பாத்தெழுதி உள்ளுக்கு வைக்கப்போறன்.”

“உங்கட எழுத்தை மச்சாள் வாசிச்சு முடிக்க அடுத்த பொங்கல் வந்திடும்.”

அவர் விடவில்லை. நான் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே இருந்தேன். நாலைந்து வரியோடு பேனை நின்றது.

“இது முன்வாசலே?”

“முன்வாசல்தான்.”

“விடமாட்டாங்களே?”

“விடமாட்டாங்கள்தான்.”

“பிறகு?”

“வாசியுங்கோ.”

எழுதுவதை விட்டுவிட்டு வாசித்தார். வாசித்து முடித்தும் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் இருக்கிறார்கள். மச்சாளுக்குப் பேசிய அந்தச் சம்பந்தம் குழம்பியது. காரணம் சீதன வீடு என்றார்கள். என் படம் என்று நேரே சொன்னவர் இல்லை, சொல்லாமல் விட்டவர்கள் இருக்கலாம். 1988 இல் வேறொருவரைக் கட்டினாள். கல்யாணப் படம் அனுப்பியிருந்தாள், பின்பக்கத்தில் திகதியும் இடமும் எழுதி. ஆனால் அந்த ஞாயிறு இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

“தங்கச்சியின்ர விசயம்,” என்றார் என் கணவர்.

“கேட்டால் சொல்லச் சொல்லுங்கோ.”

“என்னெண்டு?”

“அண்ணி ஹோட்டலிலை அறை துப்புரவாக்கிறா, கதையும் எழுதுறா எண்டு.”

“அறை துப்புரவாக்கிறதைத் தாங்குவினம்,” என்றார். “கதை எழுதுறதைத்தான் தாங்கமாட்டினம்.”

கத்தரிக்கோலை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார். பாதியில் விட்ட வெள்ளைத் தாளைக் கசக்கினார். மலரை உறைக்குள் வைக்கப் போனவர், கையை நிறுத்தி, பழக்கதோஷத்தில் பேனையை என் பக்கம் நீட்டினார்.

“படத்துக்குப் பின்னாலை திகதியைப் போடும்.”

தாளைத் திருப்பினேன். நாலு ஓரமும் நிறைந்திருந்தது. இடம் இல்லை. அங்கே அவள் நோகிற காலோடு முன்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.